பூவா, தலையா: ரோமானியப் பொற்காசைப் படிக்கும் முறை

ரோமானியப் பொற்காசை முதன்முறை பார்க்கும் பலரும் செய்யும் தவற்றையே நானும் செய்தேன். கண்ணாடிப் பேழைக்குள் மின்னிய முகத்தைப் பார்த்தேன், யாரோ ஒரு சக்கரவர்த்தி என்று முடிவு கட்டினேன், அடுத்த பேழைக்கு நகர்ந்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு ஒருநாள் அதே வகைக் காசின் பெரிதாக்கிய படம் கண்ணில் பட்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்த வட்டத்துக்குள் ஒருவருடைய பெயர், தகப்பன் பெயர், வகித்த பதவிகள், அவற்றை எத்தனையாவது முறை வகித்தார் என்ற கணக்கு, வென்றதாக அவர் சொல்லிக்கொண்ட நாடு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

ரோமானியக் காசுகளை அந்தக் காலத்துச் செய்தித்தாள் என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த ஒப்புமை பிடிப்பதில்லை. செய்தித்தாளில் ஆட்சியாளருக்குப் பிடிக்காத செய்தியும் வரும். இவை முழுப்பக்க அரசு விளம்பரங்கள். ஒரு பக்கம் தலைவரின் படம், மறுபக்கம் அவருடைய சாதனை. ஆகவே ஒவ்வொரு காசிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். என்ன சொல்கிறது? அது சொன்னபடி நடந்ததா? கீழே வரும் படிகள் அந்த இரண்டாவது கேள்விக்குப் போய்ச் சேரும் வழிதான்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, குறிப்பேடு ஒன்று. கையில் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோமானியக் காசுகளைப் பார்க்கலாம். அல்லது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் ஒரு காசின் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

படி 1: முகத்துக்கு முன்னால் எடை

ரோமானியரின் பொற்காசுக்கு அவுரியஸ் என்று பெயர். பொன்னாலானது என்பதுதான் பொருள். பொன்னைக் கட்டுக்கட்டாகக் காசாக்கிப் புழக்கத்தில் விட்டவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 46-இல் அவர் அச்சிட வைத்த காசுகள், ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு நாற்பது என்ற கணக்கில், ஏறத்தாழ 8 கிராம் எடையில் இருந்தன. அகஸ்டஸ் காலத்தில் 7.8 கிராமுக்கு அருகில் நின்றது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு பவுன். நம் பவுன் 22 காரட்; அவர்களுடையது ஏறக்குறைய கலப்பில்லாத தங்கம்.

எடையை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், எடையே காலத்தைப் பாதி சொல்லிவிடும் என்பதுதான். நீரோ கி.பி. 64-இல் ராத்தலுக்கு 45 காசு என்று மாற்றினார், காசு 7.3 கிராமுக்கு இறங்கியது. காரகல்லா கி.பி. 215 வாக்கில் 50 ஆக்கினார்; 6.5 கிராம். மூன்றாம் நூற்றாண்டுக் குழப்பத்தில் எடை தறிகெட்டுப்போய், டயோக்ளீஷியன் அதை 60-இல் பிடித்து நிறுத்தினார். கான்ஸ்டன்டைன் ராத்தலுக்கு 72 என்று புதுக்காசையே கொண்டுவந்தார். அதன் பெயர் சாலிடஸ், எடை 4.5 கிராம். அது பல நூற்றாண்டுகள் எடை மாறாமல் நின்றது. ஆக, தட்டில் 7.8 காட்டும் காசில், நீரோவுக்குப் பின் வந்த டிராஜனின் முகம் இருந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

மதிப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அவுரியஸ் 25 வெள்ளித் தினாரியஸ். அதாவது செஸ்டர்ஸ் என்ற சிறுகாசில் 100. முதல் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ், ஒன்பது பொற்காசு. நாற்பது நாள் உழைப்பு ஒரு காசுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே காய்கறி வாங்கப் போனவன் கையில் இந்த விளம்பரம் அகப்பட்டிருக்காது. படைத்தலைவர்கள், பெருவணிகர்கள், வரி வசூலிப்பவர்கள், அவர்களுக்குக் கீழே சம்பள நாளில் படைவீரர்கள் என்று இதன் வாசகர் வட்டம் குறுகியது. வெண்கலக் காசில் சொன்னதும் பொற்காசில் சொன்னதும் சில நேரங்களில் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: தலைப் பக்கம்

பூவா தலையா என்று சுண்டிப் பழகிய நமக்கு, காசின் இரண்டு பக்கங்களுக்கும் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தலை இருக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தலையில் என்ன இருக்கிறது, தோளில் என்ன இருக்கிறது, முகத்துக்கு என்ன வயது.

தலையில் பெரும்பாலும் வாகை மாலை போன்ற லாரல் இலை மாலை இருக்கும். பின்கழுத்தில் நாடா முடிச்சு தொங்கும். மாலை இல்லாத வெறுந்தலையாக இருந்தால் அது அகஸ்டஸின் தொடக்கக் காலக் காசாகவோ, பட்டத்துக்குக் காத்திருக்கும் இளவரசரின் காசாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. கதிர்முடி, அதாவது சூரியக் கதிர்கள் நீட்டிய முடி, பொற்காசில் வந்தால் பெரும்பாலும் இரட்டை மதிப்பைக் குறிக்கும். முத்துப் பதித்த பட்டம் கட்டிய தலை என்றால் கான்ஸ்டன்டைனுக்கும் அவருக்குப் பின்வந்தவர்களுக்கும் போய்விட்டீர்கள். தோளில் மார்புக் கவசமும் அதன்மேல் போர்ப் போர்வையும் தெரிந்தால் அவர் தம்மைப் படைத்தலைவராகக் காட்ட விரும்பிய தருணம் அது.

வயதுதான் சுவையான இடம். அகஸ்டஸ் இறந்தபோது அவருக்கு எழுபத்தைந்து. கடைசிக் காசிலும் முப்பது தாண்டாத முகம். நம்மூர்ச் சுவரொட்டிகளில் தலைவர்களுக்கு வயதேறாத மாயம் இரண்டாயிரம் ஆண்டு பழையது. வெஸ்பாசியன் இதற்கு நேரெதிர். தடித்த கழுத்து, நெற்றிச் சுருக்கம், கொக்கி மூக்கு என எதையும் மறைக்கவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த மனிதர், ஆடம்பரக்கார நீரோ போல் நானில்லை என்று முகத்தாலேயே சொன்னார். அந்தச் சுருக்கமும் ஒரு விளம்பரம்தான்.

நீரோவின் காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஒரு குடும்பக் கதையே ஓடும். கி.பி. 54-இல் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தபோது வெளியான பொற்காசில் அவரும் தாய் அக்ரிப்பினாவும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து எழுத்துகளோ தாயின் பெயரையும் பட்டங்களையும் சொல்கின்றன. மகனுடைய பெயர் பின்பக்கம் போய்விட்டது. அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள், முன்னால் நிற்பது மகன். தாயின் பட்டங்கள் இப்போது பின்பக்கத்தில். அதற்கடுத்து வரும் காசுகளில் தாயைக் காணவில்லை. கி.பி. 59-இல் மகனின் ஆணைப்படி அவர் கொல்லப்பட்டார். கொலைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காசு அடிக்கும் அக்கசாலை அவரை ஓரம் கட்டிவிட்டது.

படி 3: எழுத்துகளைக் கூட்டிப் படித்தல்

பலர் இங்கேதான் பின்வாங்குவார்கள். லத்தீன் தெரிய வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு சுருக்கங்கள் தெரிந்தால் போதும்.

முதலில் மூன்று இடறுகற்களை அகற்றிவிடுவோம். 'யூ' என்ற எழுத்து காசில் இல்லை. அதன் இடத்தில் 'வி' தான் இருக்கும். 'ஜே' கிடையாது, 'ஐ' இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள். நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரும்பாலும் இடப்பக்கக் கீழ்மூலையில், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், வாசகம் தொடங்கி விளிம்பைச் சுற்றி வலப்பக்கம் இறங்கும். தொடக்கக் காலக் காசுகள் சிலவற்றில் இது மாறும்.

இனிச் சுருக்கங்கள். 'ஐ.எம்.பி.' என்றால் இம்பெராட்டோர், வெற்றிபெற்ற படைத்தலைவர். 'ஏ.வி.ஜி.' அகஸ்டஸ், 'ஜி' இரண்டு முறை வந்தால் ஒரே நேரத்தில் இரண்டு அகஸ்டஸ்கள் ஆண்டார்கள் என்று பொருள், மூன்று வந்தால் மூன்று பேர். 'பி.எம்.' தலைமைப் பூசாரி. 'பி.பி.' நாட்டின் தந்தை. 'டிவி எஃப்' என்றால் தெய்வமாக்கப்பட்டவரின் மகன். 'டிவஸ்' என்று பெயருக்கு முன்னால் வந்தால் அவரே இறந்து தெய்வமாகிவிட்டார். ஜெர்மானிக்கஸ், டாசிக்கஸ், பார்த்திக்கஸ் போன்றவை வென்ற நாட்டின் பெயரால் சூடிக்கொண்ட பட்டங்கள். கங்கைகொண்டான், கடாரம்கொண்டான் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இவை உடனே பிடிபடும்.

காலத்தைக் கணிக்க உதவுபவை இரண்டு. 'டி.ஆர்.பி.' என்பது மக்கள் பிரதிநிதியின் அதிகாரம். பேரரசர் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்வார், எண் ஏறிக்கொண்டே போகும். 'சி.ஓ.எஸ்.' என்பது கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி. அவர் விரும்பி ஏற்கும்போது மட்டும் எண் ஏறும். 'டி.ஆர்.பி.' கணக்கு எளிது. முதல் ஆண்டோடு எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். அன்டோனினஸ் பயஸ் கி.பி. 138-இல் இந்த அதிகாரம் பெற்றார். காசில் 'டி.ஆர்.பி.' 20 என்று இருந்தால் 138-உம் 20-உம் 158, ஒன்று போக 157. டிசம்பர் 10 அன்று புதுப்பிக்கும் வழக்கம் இருந்ததால் ஓர் ஆண்டு முன்பின் ஆகலாம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாய்ப்பாடு பேரரசர் ஹாட்ரியனிடம் பலிக்காது, அவர் காசுகளில் பெரும்பாலும் 'டி.ஆர்.பி.' எண் இருக்காது; 'சி.ஓ.எஸ்.' எண்ணும் உதவாது. அவர் கி.பி. 119-இல் மூன்றாம் முறை கான்சல் ஆனார், நான்காம் முறை ஏற்கவே இல்லை. 138-இல் இறக்கும்வரை எல்லாக் காசிலும் 'சி.ஓ.எஸ்.' 3 தான். அங்கே வேறு தடயம் வேண்டும். 'பி.பி.' இருந்தால் கி.பி. 128-க்குப் பிந்தியது, நாட்டின் தந்தை என்ற பட்டத்தை அவர் அப்போதுதான் ஏற்றார். இல்லாத எழுத்தும் சாட்சி சொல்லும் என்பதை ஹாட்ரியன் காசில்தான் கற்றுக்கொண்டேன்.

படி 4: பூப் பக்கம், கையில் என்ன இருக்கிறது?

பின்பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள் அல்லது அமர்ந்திருப்பாள். எல்லாப் பெண்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் தோல்விதான். கோயில் தூணில் வேலைக் கண்டால் முருகன், சங்கு சக்கரம் கண்டால் பெருமாள் என்று எப்படிச் சொல்கிறோமோ, அதே முறைதான் இங்கும். கைகளைப் பாருங்கள்.

சுக்கான் பிடித்திருந்தால் ஃபார்ச்சூனா, விதி. தராசு ஏந்தினால் ஈக்விட்டாஸ், நேர்மை. அதே உருவம் மொனேட்டா என்ற பெயரிலும் வரும், அப்போது அவள் அக்கசாலைக்குத் தெய்வம். ஒலிவக் கிளை பாக்ஸ், அமைதி. கிண்ணத்திலிருந்து பாம்புக்கு உணவூட்டினால் சாலுஸ், உடல்நலம். பேரரசர் நோயிலிருந்து எழுந்த சமயங்களில் இவளைத் தேடுங்கள். இறக்கை இருந்தால் விக்டோரியா, வெற்றி. பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்து ஒரு பூவை நீட்டினால் ஸ்பெஸ், நம்பிக்கை. முக்காடிட்டுப் பலிபீடத்தருகே நின்றால் பியட்டாஸ், பக்தி. தானியக் கதிரும் மரக்காலும் இருந்தால் அன்னோனா, ரோமாபுரிக்கு வந்துசேரும் உணவு தானியம். வளைந்த கொம்பிலிருந்து பழங்கள் பிதுங்கி வழிவது வளத்தின் சின்னம். அதை யார் வேண்டுமானாலும் ஏந்துவார்கள், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நாடுகளும் பெண்களாக வருவார்கள். ஹாட்ரியன் தம் சுற்றுப்பயணங்களை நினைவுகூர்ந்து வெளியிட்ட வரிசையில் ஹிஸ்பானியா, அதாவது இன்றைய ஸ்பெயின், ஒலிவக் கிளையோடு சாய்ந்து படுத்திருக்கிறாள். அருகே ஒரு முயல். தோற்ற நாட்டை இப்படி ஓய்வாகப் படுக்க விடமாட்டார்கள். வெஸ்பாசியனின் பொற்காசில் யூதேயா, போர்க்கருவிகள் தொங்கும் வெற்றிக் கம்பத்தின் கீழே குறுகி உட்கார்ந்து அழுகிறாள். ஜெருசலேம் கி.பி. 70-இல் வீழ்ந்தது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். காசு சொன்னபடி நடந்ததா?

நீரோவின் பொற்காசு ஒன்றில் மூடிய கதவுகளோடு ஒரு கோயில். ஜேனஸ் கோயிலின் கதவுகள் போர்க்காலத்தில் திறந்திருக்கும், எங்கும் அமைதி நிலவினால் மூடப்படும். நிலத்திலும் கடலிலும் ரோமானிய மக்களுக்கு அமைதி பெற்றுத் தந்து ஜேனஸை மூடினார் என்கிறது வாசகம். கி.பி. 66-இல் யூதேயாவில் கிளர்ச்சி வெடித்தது. வெஸ்பாசியனை அங்கே அனுப்பியதே நீரோதான். நீரோவின் மூடிய கதவையும் வெஸ்பாசியனின் அழும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி ஐந்தாறு ஆண்டுகள்.

நீரோவின் இன்னொரு காசில் ரோமானியரின் தலைமைக் கடவுள் ஜூபிடர் இடியையும் செங்கோலையும் ஏந்தி அமர்ந்திருக்கிறார். 'காக்கும் ஜூபிடர்' என்பது வாசகம். யாரை, எதிலிருந்து? கி.பி. 65-இல் நீரோவைக் கொல்ல நடந்த பிசோவின் சதி அம்பலமானது. தப்பியதற்கு நன்றி சொல்லும் காசு இது. சதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. விளம்பரத்தில் அச்சத்தைத் தேட வேண்டுமானால் நன்றி சொல்லும் இடத்தில்தான் தேட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அகஸ்டஸின் இரண்டு பேரர்கள் உள்ள காசு. கி.மு. 2-இலிருந்து லுக்டுனம் நகரில், இன்றைய பிரான்சின் லியோனில், அச்சானது. கேயஸ், லூசியஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கேடயத்தையும் ஈட்டியையும் நடுவில் வைத்து நிற்கிறார்கள். அவர்களை அகஸ்டஸ் மகன்களாகத் தத்தெடுத்திருந்தார். வாசகமும் மகன்கள் என்றே சொல்கிறது, வருங்காலக் கான்சல்கள், இளைஞர்களின் தலைவர்கள் என்று அடுக்குகிறது. என் வாரிசுப் பிரச்சினை தீர்ந்தது என்று அகஸ்டஸ் உலகுக்கே அறிவித்த காசு. லூசியஸ் கி.பி. 2-இல் மார்செய்லில் இறந்தான். கேயஸ் கி.பி. 4-இல் ஆசியா மைனரில் போர்க்காயத்தோடு போனான். பட்டம் மனைவியின் முதல் மணத்து மகன் டைபீரியஸுக்குப் போயிற்று, கிழவர் அவரை மனமார விரும்பியதில்லை. இந்தப் பேரர்களின் காசு, குறிப்பாக வெள்ளியில், தென்னிந்தியப் புதையல்களில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. செத்துப்போன இளவரசர்களின் படத்தைக் கொடுத்து இங்கே மிளகு வாங்கியிருக்கிறார்கள்.

டைபீரியஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் ஆண்டவர், கிட்டத்தட்ட அவ்வளவு காலமும் பின்பக்கத்தில் ஒரே படம்: கிளையும் செங்கோலும் ஏந்தி அமர்ந்த பெண். அவர் தாய் லிவியா என்பார்கள், பெயர் எழுதியிருக்கவில்லை. சலிப்பூட்டும் காசு. ஆனால் மாறாத அந்தச் சலிப்பே இந்திய வணிகர்களுக்கு நம்பிக்கை தந்திருக்கக் கூடும். இங்கே மிகுதியாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று.

படி 5: ஒரு காசை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

படத்தைத் திறந்துகொள்ளுங்கள். எடை 7.2 கிராமுக்குச் சற்று மேல். நீரோவுக்குப் பிந்தியது, காரகல்லாவுக்கு முந்தியது என்று எடையிலேயே தெரிகிறது. தலையில் லாரல் மாலை, நெற்றியில் நேராக வாரி விட்ட முடி, தாடி இல்லை. ஹாட்ரியனும் அவருக்குப் பின்வந்தவர்களில் பலரும் தாடிக்காரர்கள், அதனால் தேடும் வட்டம் சுருங்குகிறது. வாசகத்தில் டிராஜன் பெயர் இருக்கிறது. தொடர்ந்து 'ஏ.வி.ஜி.', பிறகு 'ஜி.இ.ஆர்.', 'டி.ஏ.சி.'. ஜெர்மானியரையும் டாசியரையும் வென்றவர். பிறகு 'பி.எம்.', 'டி.ஆர்.பி.', ஆனால் எண் இல்லை. டிராஜன் பெரும்பாலும் எண் போடமாட்டார். 'சி.ஓ.எஸ்.' 6, 'பி.பி.' இருக்கின்றன.

அவர் ஆறாம் முறை கான்சல் ஆனது கி.பி. 112. இறந்தது 117. ஐந்தாண்டு இடைவெளியை இன்னும் நெருக்கலாம். 114-இல் ஆப்டிமஸ், மிகச் சிறந்தவர், என்ற பட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது. இந்தக் காசின் தலைப்பக்கத்தில் அது இல்லை. 116-இல் வந்த பார்த்திக்கஸும் இல்லை. ஆகவே 112-க்கும் 114-க்கும் இடையில்.

பூப் பக்கத்தைத் திருப்புங்கள். பெண் இல்லை, கட்டடம். தூண்கள், மாடங்களில் சிலைகள், உச்சியில் ஆறு குதிரை பூட்டிய தேர். கீழே 'ஃபோரும் டிராயான்'. ரோமில் டிராஜன் கட்டிய பெருமன்றத்தின் வாயில். வடிவமைத்தவர் டமாஸ்கஸைச் சேர்ந்த அப்பொல்லோடோரஸ், திறந்தது 112-இல். நம் கணக்கோடு பொருந்துகிறது. அந்த வாயில் இன்று நிற்கவில்லை. அது எப்படி இருந்தது என்று வரைய முயல்பவர்கள் இந்தக் காசையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

சொன்னபடி நடந்ததா? இங்கே நடந்தது. மன்றம் கட்டப்பட்டது, பணம் போர்க்கொள்ளையிலிருந்து வந்தது. 106-இல் முடிந்த போரில் டாசியா, இன்றைய ருமேனியா, தன் தங்கச் சுரங்கங்களோடு ரோமின் கைக்குப் போனது. காசின் முன்பக்கத்தில் இருக்கும் 'டி.ஏ.சி.' என்ற மூன்று எழுத்துதான் பின்பக்கத்துக் கட்டடத்தின் செலவுக் கணக்கு.

படி 6: பிற்காலத்துக்கு ஒரு குறுக்குவழி

மெல்லிய, அகலமான, நாலரை கிராம் காசு கையில் வந்தால் அது சாலிடஸ். கீழே 'சி.ஓ.என்.ஓ.பி.' என்று இருந்தால் முதல் மூன்று எழுத்து கான்ஸ்டாண்டினோப்பிள். கடைசி இரண்டும் கிரேக்க எண்களாக 72-ஐக் குறிக்கும், ராத்தலுக்கு எத்தனை காசு என்ற கணக்கு. தூய்மையாக்கிய பொன் என்ற சொல்லின் சுருக்கமாகவும் அதைப் படிப்பார்கள். பக்கவாட்டு முகங்கள் மெல்ல நம்மை நேராகப் பார்க்கத் தொடங்கும். இறக்கை முளைத்த விக்டோரியா கையில் சிலுவை வரும். ஆறாம் நூற்றாண்டில் முதலாம் ஜஸ்டின் காலத்தில் அவள் ஆண் தேவதூதராகவே மாறிவிடுவாள். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜஸ்டினியன் தலைப் பக்கத்தைக் கிறிஸ்துவுக்குக் கொடுத்துத் தாம் பின்பக்கம் போனார். எனக்கு இந்தக் காசுகளில் ஈடுபாடு குறைவு; முகங்கள் எல்லாம் ஒரே பொம்மை போல ஆகிவிடுகின்றன.

படி 7: அசலா, போலியா?

செம்புக்கும் வெண்கலத்துக்கும் காலம் பச்சைப் பூச்சுப் பூசிச் சாட்சி வைக்கும். தங்கத்துக்கு அந்தச் சாட்சி கிடையாது. நேற்று அடித்ததும் நீரோ அடித்ததும் ஒரே மாதிரி மின்னும். அதனால் தங்கத்தில் போலியைக் கண்டுபிடிப்பது கடினம், போலி செய்வோருக்கு ஆசையும் அதிகம்.

முதலில் விளிம்பு. ரோமானியர் காசை வார்க்கவில்லை, அடித்தார்கள். கீழ் அச்சைப் பட்டறையில் பதித்து, சூடேற்றிய பொன்வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓர் அடி. அதனால் வட்டம் சற்றுக் கோணலாக இருக்கும், படம் நடுவிலிருந்து விலகியிருக்கும், எழுத்தின் ஓரத்தில் உலோகம் வெளிநோக்கி ஓடிய நுண்கோடுகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக் கோடு ஓடினால் அது வார்ப்பு. பரப்பில் ஊசித்துளைகள் தெரிந்தாலும் அப்படியே. நண்பர் ஒருவர் தம் தாத்தாவின் பெட்டியில் இருந்ததாகக் கொண்டுவந்த 'ரோமானியக் காசில்' அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டாவது காபி கேட்டேன்.

அடுத்தது நீரில் எடை. தூய தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு. 7.30 கிராம் காசை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 6.92 கிராமுக்கு அருகில் காட்ட வேண்டும். உள்ளே வேறு உலோகம் வைத்து மேலே தகடு சுற்றியிருந்தால் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். உரைகல்லில் உரைப்பதும் ஆசாரியிடம் கொடுத்துச் சுரண்டுவதும் வேண்டாம், அசலாக இருந்தால் காயம் உங்களால் ஆனதாகிவிடும்.

அசல் தங்கத்தில் போலி அச்சு அடித்தவரும் உண்டு. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், 1772 முதல் 1830 வரை வாழ்ந்தவர், தாமே அச்சு செதுக்கிப் பழங்காசுகளை அடித்தார். புதுக்காசுக்குப் பழமை ஏற்ற, எண்ணெயும் இரும்புத்தூளும் நிறைந்த பெட்டியில் போட்டுக் குதிரைவண்டியில் உலா அழைத்துப் போவாராம். இத்தகைய கைகளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அறியப்பட்ட அச்சுகளோடு ஒப்பிடுவது. பேரரசுக் காலக் காசுகளுக்கு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ஓக்ரே என்ற இலவச இணையத் தரவுத்தளம் இருக்கிறது. பேரரசர் பெயர், உலோகம், வாசகத்தின் ஒரு பகுதி கொடுத்தால் வகையைக் காட்டும்.

காசு அசலாக இருந்து, அதன் வரலாறு போலியாக இருப்பதும் உண்டு. சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42-இல் வெளியிட்ட காசில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் குல்லாய். கீழே மார்ச் 15 என்ற கொலை நாள். ரோமானிய விளம்பரங்களில் இவ்வளவு நேரடியாகப் பேசியது வேறொன்று இல்லை. பொன்னில் மிக அரிது. அவற்றில் ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் முப்பது இலட்சம் பவுண்டுக்கு மேல் போனது. முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டிய ஆவணம் பொய் என்று தெரியவந்து, 2023-இல் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். மண்ணில் புதையல் கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம்.

படி 8: வெட்டும் துளையும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் காயம்பட்ட காசைத் தரம் குறைந்தது என்று ஒதுக்கச் சொல்லும். தமிழ் வாசகர் அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

கி.மு. 30-இல் எகிப்து அகஸ்டஸின் கைக்கு வந்தது. அவருடைய பொற்காசு ஒன்று ஒற்றை முதலையைப் போட்டு 'எகிப்து பிடிபட்டது' என்று அறிவிக்கிறது. அந்த முதலையின் வாலைப் பிடித்தால் சேரர்களின் முசிறித் துறைமுகத்துக்கு வந்துசேரலாம். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றில் கப்பல்கள் கிளம்பின. மையோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து மட்டும் 120 கப்பல் இந்தியாவுக்குப் போவதாகக் கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். பொற்காசுக் கணக்கில் ஐந்து லட்சம். அவர் மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனால் நம் மண் அவ்வப்போது அவருக்குச் சாட்சி சொல்கிறது. கேரளத்தின் வள்ளுவள்ளியில் 1983-இல் 252 பொற்காசுகள் வெளிப்பட்டன.

புதுக்கோட்டைப் பக்கம், ஆலங்குடி அருகே கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்தவை 501. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான அவுரியஸ்கள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. அவற்றில் சில இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஏன் வெட்டினார்கள்? உள்ளே வேறு உலோகமா என்று சோதித்தார்கள் என்பது ஒரு விளக்கம். சோதிக்க எந்தப் பக்கமும் போதுமே, ஏன் தலையையே தேடி வெட்ட வேண்டும் என்று அதற்கு மறுப்பு. அயல்நாட்டு அரசனின் முகத்தை ஏற்க மறுத்த செயல் என்பது இன்னொன்று. காசு என்ற தகுதியை நீக்கி, இனி இது எடைக்குத்தான் என்று முத்திரை குத்தியது என்பது மூன்றாவது. நான் மூன்றாவது பக்கம் சாய்கிறேன். காசுக்குக் காசு ஒரே மாதிரி விழுந்த வெட்டில் கோபம் தெரியவில்லை, வேலை தெரிகிறது. பேரரசர் யார், எத்தனையாவது முறை கான்சல் என்பதெல்லாம் உளி பிடித்தவருக்குத் தேவைப்படவில்லை. அவர் நம் முதல் படியோடு நின்றுகொண்டார்: எடை.

துளை வேறு கதை. தலைக்கு மேலே நெருக்கமாக இரண்டு துளை போட்ட காசுகள் தென்னிந்தியாவில் கிடைக்கின்றன. கழுத்தில் கோத்தால் முகம் நேராக நிற்கும்படி பார்த்துப் போட்ட துளை. பின்பக்கம் எப்படிப் போனாலும் சரி, முகம் கவிழக் கூடாது. காசுமாலை போட்ட நம் பாட்டிமார்களுக்கு இந்த அக்கறை விளங்கும். ரோமானியக் காசு கிடைக்காதவர்கள் இங்கேயே அதைப் பார்த்து அடித்துக்கொண்டார்கள். அந்தப் போலிகளை எழுத்தில் பிடிக்கலாம். லத்தீன் தெரியாத கை செதுக்கிய வாசகம் வெறும் கோடுகளும் வட்டங்களுமாகக் கரைந்திருக்கும். களிமண்ணில் செய்தவைகூட உண்டு.

இதற்குப் பிறகு கரூருக்குப் போங்கள். அமராவதி ஆற்று மணலில் மாக்கோதை என்ற சேர மன்னனின் வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் பக்கவாட்டில் திரும்பிய ஒரு மனிதத் தலை, அதற்கு மேலே பெயர். ரோமானியக் காசைப் பார்த்து எழுந்த எண்ணம் இது என்பது நாணயவியலாளர் பலரின் கருத்து. எழுத்து மட்டும் தமிழி, அதாவது பழந்தமிழ் எழுத்து. இதே எட்டுப் படிகளை வரிசையாக அதிலும் போட்டுப் பாருங்கள். மூன்றாம் படியில் இந்த முறை லத்தீன் தேவைப்படாது.